நிறுத்தச் சொன்னவள்

செய்தி வந்தபோது காலை பதினோரு மணி. கிணறு துளையிடும் ரிக்கின் மேல்தளத்தில் பிரேக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்த டிரில்லரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் அவருடைய மனைவி கூப்பிடுகிற வழக்கமே இல்லை. எஞ்சின் இரைச்சலில் காதில் விழுந்தது இரண்டே வார்த்தைதான்.

"தங்கச்சி போயிட்டா."

அவர் போனைப் பையில் போட்டார். கை பிரேக்கை விட்டு நகரவில்லை. சிறிது நேரத்தில் மேனேஜர் இரும்புப் படியேறி வந்தார். அவருக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ரெண்டு நிமிஷம் ரிக்கை நிறுத்தி எல்லாரும் நிக்கலாம்பா. அவங்களுக்கு ஒரு மரியாதை."

"வேண்டாம் சார். ஓடட்டும்."

"இல்லப்பா, இத்தனை வருஷம் நம்மகூட…"

"அவ உசிரோட நின்னு நிறுத்துங்கன்னு கெஞ்சினா. அப்ப நீங்களும் முடியாதுன்னீங்க, நானும் முடியாதுன்னேன். இப்ப அவ கேக்காமலே நிறுத்தினா, எங்க இருந்தாலும் சிரிப்பா சார். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது."

மேனேஜர் ஹெல்மெட்டைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஷிப்ட் டிரில்லர் முன்னதாகவே வந்து கைப்பிடியை வாங்கிக்கொள்ள, இவர் படியிறங்கினார். ரிக் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவளை அங்கே எல்லோரும் மூக்கி என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவர் டிரில்லர். அக்கா புருஷன் என்ற உரிமை. வேலையும் அப்படித்தான். துளையிடும்போது சேற்றுக் கலவை ஒன்றைக் குழாய் வழியாகக் கீழே அனுப்புவார்கள். அது அடியில், பாறையை உடைக்கும் முனையான பிட்டின் பற்களுக்கிடையே பீறிட்டு, உடைந்த கல் தூளை அள்ளிக்கொண்டு, குழாயின் வெளிப்புறமாக மேலே ஏறி வரும். அதில் என்னென்ன வாயு கரைந்து வருகிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. அடியிலிருந்து சேறு மேலே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதனால் அவள் திரையில் தெரிவது எப்போதும் பழைய சேதிதான். வீட்டில் அக்கா எதற்கோ திடீரென்று கத்தினால், "கண்டுக்காதீங்க மாமா, இது காலையிலேயே அடியிலேருந்து கிளம்பினது. இப்பதான் மேல வருது" என்பாள். கரண்டி பறந்து வரும்.

அவள் அப்பா டயருக்கு ரீட்ரெட் போடுகிற கடை வைத்திருந்தார். புவியியல் படிக்கப் போகிறேன் என்று இளைய மகள் வந்து நின்றபோது, கையில் ரப்பர் பிசினோடு நிமிர்ந்து பார்த்தார்.

"கல்லைப் படிச்சு என்னம்மா பண்ணப் போற?"

"மாப்பிள்ளை பாத்தாலும் ஒரு கல்லைத்தானே கட்டி வைக்கப் போறீங்க? இந்தக் கல்லு சம்பளமாவது குடுக்கும்பா."

அவர் சிரித்துத் தொலைத்ததால் அனுமதி கிடைத்தது. கல்யாணப் பேச்சு அதற்குப் பிறகும் பல முறை வந்தது; ஒவ்வொரு முறையும் வந்த வழியே போனது. அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறை. கட்டில், துணி காயப்போடும் கம்பி, ஜன்னல் ஓரம் வரிசையாகக் கல் துண்டுகள். அதுதான் அவள் குடும்பம் என்று சொல்லிக்கொள்வாள். அக்கா பெருக்கும்போது ஒரு கல் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

எண்ணெய்க் கிணறுகளிலும் எரிவாயுக் கிணறுகளிலும் பல வருடம் அளந்த பிறகு, பூமிக்குள் தானாக ஊறும் ஹைட்ரஜனைத் தேடும் கம்பெனி ஒன்றில் அவளும் டிரில்லரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். சேர்ந்த முதல் வாரமே மேனேஜரோடு அவளுக்குச் சண்டை. அந்தத் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. வாயுவை அளக்கும் கருவிக்குள் ஒரு சின்னத் தீச்சுடர் எரியும். எண்ணெய் வாயுக்களைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சுடர்தான். அது எரிவதோ ஹைட்ரஜனில். வாயு மாதிரியைக் கருவிக்குள் தள்ளிக்கொண்டு போவதும், அளவெடுக்கும் கேபின்கள் பலவற்றில், ஹைட்ரஜன்தான். பூமியிலிருந்து ஹைட்ரஜன் வந்தால் அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. வழக்கம்போல அதே கருவியைக் கேபினில் இறக்கி வைத்திருந்தார்கள்.

"சட்டைப் பையில மூக்குக் கண்ணாடியை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுற மாதிரி இருக்கு சார்," என்றாள் மேனேஜரிடம். கருவியை ஆர்கான் என்ற வேறு வாயுவில் ஓடுகிற மாதிரி மாற்றித் தரும்வரை கேபினுக்குள் நுழையமாட்டேன் என்று வெளியே வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மாற்றிக் கொடுத்தார்கள். கேபினிலிருந்த ஹைட்ரஜன் தயாரிக்கும் பெட்டியையும் அவளே தூக்கி வெளியே வைத்தாள். நாளைக்கு யாரும், உன் கேபினில் கசிந்ததைத்தான் நீ அளந்தாய் என்று சொல்லிவிடக் கூடாதாம்.

முதல் கிணற்றில் ஹைட்ரஜன் தெரிந்தது. நாளுக்கு நாள் ஏறியது. ரிக்கே கொண்டாடியது, மேனேஜர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு உரக்கப் பேசினார். பிறகு தேய்ந்த பிட்டைக் கழற்றிப் புதியது மாட்டினார்கள். ஹைட்ரஜன் காணாமல் போனது. தேய்ந்த பிட் கடினமான பாறையில் உராய்ந்து சூடேறும்போது, அந்தச் சூட்டிலேயே ஹைட்ரஜன் உண்டாகிவிடும். பாறை கொடுத்தது ஒன்றுமில்லை; டிரில்லர் அரைத்ததைத்தான் அவள் அளந்திருக்கிறாள். யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அன்று முதல் அவள் வாயிலிருந்து ஹைட்ரஜன் என்ற சொல் வந்தாலே மேனேஜர், "பிட் தேஞ்சிருக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இரண்டாவது கிணறு பாதியில் இருந்தபோது அவளுக்கு ரத்தத்தில் நோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்றிக்கொண்டு, முடியெல்லாம் கொட்டி, திரும்ப வேலைக்கு வந்து நின்றாள். "இப்பதான் ஹெல்மெட் ஆடாம உக்காருது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. "என்னப்பா, கல்லாட்டம் நிக்கிறீங்க? கல்லைக்கூட நான் பேச வச்சிருவேன்" என்று திட்டிவிட்டுக் கேபினுக்குள் போனாள்.

கிணறு கடைசி ஆழத்தை நெருங்கியபோது மறுபடியும் ஹைட்ரஜன் தெரிந்தது. மேனேஜர் வழக்கமான பதிலைச் சொன்னார். அதில் நியாயமும் இருந்தது; பிட் தேய்ந்துதான் இருந்தது. அந்த வாரத்தோடு கிணற்றைச் சிமென்ட் ஊற்றி மூடிவிட்டு, ரிக்கைப் பிரித்துக் கிளம்புவதாக முடிவாகியிருந்தது. இதுவும் வெறுங்கிணறு என்றால் கம்பெனி இந்தத் தேடலையே கைவிடும். மூடிய கிணற்றை யாரும் திரும்பத் திறக்கப்போவதில்லை.

அவள் கேட்டது ஒன்றுதான். பிட்டை அடியிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்து, எதையும் சுற்றாமல், சேற்றை அனுப்பும் பம்பையும் அணைத்து, அரை நாள் சும்மா விட வேண்டும். அப்புறம் பம்பை மட்டும் ஓட்டி, அடியில் தேங்கிய சேற்றை மேலே கொண்டுவர வேண்டும். அரைப்பதற்கு ஆளில்லாதபோதும் அந்தச் சேற்றில் ஹைட்ரஜன் இருந்தால், அது பாறை தானாக விடுகிற மூச்சு.

மேனேஜர் முடியாது என்றார். டிரில்லரிடம் வந்தாள். அவரும் முடியாது என்றார்.

"அசையாம அரை நாள் விட்டா பைப்பைக் கிணறு கவ்விக்கும். மேலயும் கீழயுமாவது ஆட்டிக்கிட்டே இருக்கணும்."

"ஆட்டக் கூடாது மாமா. இரும்பு பாறையில தேஞ்சாலே போதும், திரும்பவும் அதையேதான் சொல்வாங்க."

"பைப் மாட்டிக்கிச்சுன்னா என் பேரு நாறிடும் மூக்கி. முப்பது வருஷத்துல ஒரு பைப்பை விட்டதில்ல நான்."

"என் பேரு ஏற்கெனவே நாறித்தான் கிடக்கு. துணைக்கு வாங்களேன்."

"விளையாடாத."

அவள் விளையாடவில்லை. மறுநாள் காலை, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, மேல்தளத்துக்கு ஏறி வந்தாள். டிரில்லருக்குப் பக்கத்தில் இருந்த இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். இறங்கச் சொன்னபோது பெட்டியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போன கிணத்துல நான் சொன்னது தப்புன்னு முதல்ல சொன்னது யாரு மாமா?"

"நீதான்."

"இதுவும் தப்புன்னா நானே சொல்றேன். உங்க பிட்டுதான்னு மைக்ல கத்தறேன். ஆனா பாக்காம எப்படிச் சொல்றது? எதைச் சொல்றதா இருந்தாலும் பாத்துட்டுச் சொல்லணும். இன்னொரு கிணறு வரைக்கும் நான் இருக்க மாட்டேன். அது உங்களுக்கும் தெரியும்."

டிரில்லர் அவளைப் பார்க்கவில்லை. பிட்டை அடியிலிருந்து தூக்கினார். சுழற்சியை நிறுத்தினார். பம்பை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார். பிறகு மேனேஜருக்குப் போன் போட்டார். அவர் சிமென்ட் லாரிகளுக்கு ஏற்பாடு செய்ய வெளியே போயிருந்தார்.

"நிறுத்திட்டேன் சார்."

"என்னத்தை? யாரைக் கேட்டு நிறுத்தின?"

"யாரையும் கேக்கல. அதனாலதான் சொல்றேன்."

"பைப் மாட்டிக்கிச்சுன்னா யார் பொறுப்பு?"

"நான்தான். வேற யாரு?"

ஓடாத ரிக்கில் நிற்க அந்த ஆட்களுக்குப் பழக்கமில்லை. காதடைப்பானைக் கழற்றிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாதாரணமாகப் பேசினாலே கத்துவது போல் இருந்தது. சமையல்காரர் தேநீர் கொண்டுவந்து, யாராவது இறந்துவிட்டார்களா என்று விசாரித்தார். "இன்னும் இல்லை" என்றாள் அவள், டம்ளரை வாங்கிக்கொண்டே. டிரில்லர் மட்டும் பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பிடிபட்டுவிட்டதா என்று இழுத்துப் பார்க்கக் கை பரபரத்தது. கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

மதியத்துக்கு மேல் பம்பை ஓட்டினார்கள். மேனேஜர் வந்து சேர்ந்தபோது அவள் கேபினில் திரையின் முன்னால் இருந்தாள். கோடு படுத்தே கிடந்தது. மேலே நின்ற சேறு வந்தது, ஒன்றுமில்லை. நடுவில் நின்ற சேறு வந்தது; ஒன்றுமில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அடியில் தேங்கிய சேறு வர வேண்டிய நேரம் வந்ததும் கோடு தலை தூக்கியது. ஏறியது. இதுவரை அந்தக் கிணற்றில் காணாத உயரத்துக்கு ஏறி, அந்தச் சேறு கடந்துபோனதும் இறங்கியது.

மேனேஜர் சும்மா விடவில்லை. "நின்ன சேத்துல பைப் துருப் பிடிச்சாலும் ஹைட்ரஜன் வரும்மா."

"பைப் மேலேருந்து அடி வரைக்கும் இருக்கு சார். துருன்னா வழி நெடுக வந்திருக்கணும். அடிச் சேறு வந்தப்ப மட்டும் எப்படி வரும்? உங்களுக்கு இன்னும் சந்தேகம்னா அந்த வாயுவை ட்யூப்ல பிடிச்சு வச்சிருக்கேன், லேபுக்கு அனுப்புங்க. ஹீலியம் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. பாறைக்குள்ளேருந்து வர்ற வாயுவோட அது சேந்து வரும். துருவுல ஹீலியம் வராது."

மேனேஜர் திரையை இன்னொரு முறை பார்த்தார். "ட்யூப்பைக் குடுங்க. நானே கொண்டு போறேன்" என்றார்.

அதே நேரம் மேல்தளத்தில் பைப் அசைய மறுத்துக்கொண்டிருந்தது. டிரில்லர் இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். கோபுரம் முனகியது. மேனேஜர் ட்யூப் பெட்டியோடு ஓடிவந்து பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்று நினைத்த டிரில்லரிடம், "இன்னும் கொஞ்சம் ஏத்து. தாங்கும்" என்றார். தாங்கியது. ஒரு உதறலோடு பைப் விடுபட்டபோது தளத்திலிருந்த அத்தனை பேரும் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

டிரில்லருக்கு மெமோ வந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடும் இடத்தில், "படித்தேன். மறுபடியும் செய்வேன்" என்று எழுதிக் கொடுத்தார். கிணற்றுக்குச் சிமென்ட் ஊற்றவில்லை. வாயில் வால்வு மாட்டிப் பூட்டினார்கள். லேபிலிருந்து ஹீலியம் இருப்பதாகச் சேதி வந்த அன்று டிரில்லர் அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலோரம் அக்கா உட்கார்ந்து அவள் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். மூக்கி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"பக்கத்துலயே மூணாவது கிணறு போடப் போறோம்னாரு."

"பிட்டு புதுசா வாங்கச் சொல்லுங்க. கஞ்சன்."

அவள் போன செய்தி வந்தது அந்த மூன்றாவது கிணற்றின் மேல்தளத்தில்தான்.

பிறகு இரண்டாவது கிணற்றின் அறிக்கை அச்சுக்குப் போனது. அளவீடு முடிந்ததும், அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திக் கருவி சரியாகத்தான் காட்டியதா என்று அன்றே சரிபார்க்க வேண்டும். அதற்குப் பெரிதும் சிறிதுமாக இரண்டு சிலிண்டர்கள்; இரண்டையும் செலுத்திப் பார்த்தால்தான் சரிபார்ப்பு முழுதாகும். ரிக்கை நிறுத்தி அளந்த அன்று மாலை பெரிய சிலிண்டரை அவள் செலுத்திப் பார்த்திருந்தாள். கருவி சரியாகவே காட்டியது. சின்னதை எடுப்பதற்குள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட, அக்கா வந்து கூட்டிப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு வந்த புதியவர், இரண்டும் முடிந்ததாகவே போட்டுவிடலாமா, யாருக்குத் தெரியப் போகிறது என்று டிரில்லரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவளுக்காகத்தான் கேட்டார்.

"அவ பாக்காததைப் பாத்ததா எழுதினா, ராத்திரி வந்து என் காலைப் பிடிச்சு இழுப்பா. இருக்கிறபடி எழுது. எவனாவது கேள்வி கேட்டா என்கிட்ட அனுப்பு."

அறிக்கையில் பாதி சரிபார்ப்பு என்றுதான் இருக்கிறது. சின்ன சிலிண்டர் கேபின் மூலையில் சங்கிலி போட்டு நிற்கிறது. அதன் வால்வு மூடி இன்னும் கழற்றப்படவில்லை.