ஈர்க்கிலால் வெல்டிங் படித்த பன்னிரண்டு பேர்

வெல்டிங் படிப்பிப்பது என்பது, நெருப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பயப்படாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிற தொழில். அந்த நெருப்பையே கொடுக்க வழியில்லாமல் போனால் எப்படியிருக்கும் என்பதை, வெண்கட்டிக்கும் விளக்குமாற்றுக்கும் கோரிக்கைக் கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோன என் சக வாத்தியார்ப் பாவிகளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்புப் பக்கம், செங்கலடிச் சந்தியிலிருந்து நடந்துவரும் தூரத்தில் எங்கள் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம். வெல்டிங் ஒரு வருடப் படிப்பு. கடைசியில் பரீட்சை, தேறினால் சான்றிதழ். அது கையில் இருந்தால் எந்தப் பட்டறையிலும் வேலை கேட்கலாம்.

விளக்குமாற்றுப் பாடம்

நாட்டில் காசு இல்லை என்றான பிறகு எங்களுக்கு முதலில் வராமல் போனது வெல்டிங் ரொட். எங்கள் தொழிலில் பேனாவும் மையும் அதுதான். ஹோல்டரில் செருகி இரும்புக்குக் கிட்டக் கொண்டுபோனால் பொறி பறந்து, ரொட் உருகி, இரண்டு இரும்பும் ஒன்றாகும். மாதாமாதம் பெட்டி பெட்டியாக வந்த இடத்தில் அரை வருடத்துக்கு ஒரே ஒரு பெட்டி வந்தது. களஞ்சியம் பார்க்கிற இன்பநாதன் அண்ணன் பெரியகல்லாற்றுக்காரர், கறாரான மனுசன். அந்தப் பெட்டியைத் தாலிக்கொடி மாதிரி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். "பரீட்சைக்குக் கிட்டத் தாறன் தம்பி. அதுவரைக்கும் வேற எதையாவது புடிச்சுப் பழக்குங்க" என்றார்.

வேறு எதைப் பிடிக்க? புது விளக்குமாறு ஒன்றைப் பிரித்துத் தடித்த ஈர்க்கிலாகப் பார்த்து உருவினேன். மூன்று மாதம் என் பிள்ளைகள் முகமூடி போட்டு, கையுறை போட்டு, ஹோல்டரில் ஈர்க்கிலைச் செருகி, தகட்டில் போட்ட கோட்டின்மேல் இழுத்தார்கள். கை என்ன வடிவாக ஓடியது தெரியுமா! நானே என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒருநாள் இன்பநாதன் அண்ணன் மனமிரங்கி ஆளுக்கொரு ரொட் தந்தார். முதலில் ஏறாவூர் ஆசிப். பொறி பறந்தது, நான் கைதட்டினேன், இரண்டு அங்குலம் போகமுன் அணைந்தது. அடுத்தவனுக்கும் அப்படியே. அதற்கடுத்தவனுக்கும் அப்படியே. எல்லாருடைய கையும் ஒரே உயரத்தில் நேராக ஓடுகிறது. ரொட்டோ எரிந்து எரிந்து கட்டையாகிறது. அது குறையக் குறையக் கையும் கீழே இறங்கவேண்டும். ஈர்க்கிலில் பழகிய கைக்கு அது எப்படித் தெரியும்? பிள்ளைகளில் பிழையில்லை, படிப்பித்த என்னில்தான் பிழை. ஆசிப் முகமூடியைத் தூக்கிவிட்டு என்னைக் கேட்டான்: "சேர், ஈர்க்கில் குறையல்லியே, இது மட்டும் ஏன் சேர் குறையிது?"

பன்னிரண்டாவது ஆள்

அடுத்ததாக நின்றது மாணவர் கொடுப்பனவு. பெரிய தொகையில்லை, பஸ்ஸுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் காணும். அது நின்றதும் பதினெட்டுப் பேர் பன்னிரண்டு ஆனார்கள். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. இறுதிப் பரீட்சைக்குப் பன்னிரண்டு பேராவது தோற்றாத படிப்பு அடுத்த வருடம் நடக்காதாம். எங்களிடம் சரியாகப் பன்னிரண்டு. ஒரு தலை குறைந்தால் பட்டறைக்குப் பூட்டு.

அந்த வாரமே பவித்ராவின் அப்பா வந்து நின்றார். பவித்ரா உன்னிச்சைப் பிள்ளை, வகுப்பில் ஒரே பெண்பிள்ளை. அப்பா வயல் வட்டைக்குள் இருந்து நேரே வந்திருந்தார், காலில் சேறு காயவில்லை. "படிக்கிறத்துக்கு நான் எதிரில்ல சேர். பஸ்ஸுக்குக் குடுக்க வழியில்ல. செங்கலடியில ஒரு உடுப்புக் கடையில வேலை இரிக்கி, நாளைக்கே வரச் சொல்றாங்க" என்றார். அவரோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது? பின்னால் நின்ற பவித்ராதான் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், "கடையில நிண்டா மத்தாக்கள்ற உடுப்பத்தானப்பா மடிச்சு வைக்கணும். இத முடிச்சா எங்கட உழவு மிசின்ட வெடிப்பெல்லாம் நானே ஒட்டுவன்." என் முகத்தை மறைக்க, பக்கத்தில் நின்ற ஆசிப்பைக் காரணமில்லாமல் ஏசினேன். அப்பா மகளின் கையுறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போகும்போது என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பரீட்சை வரைக்கும் வரட்டும். அதுக்கங்கால என்னால ஏலா சேர்."

சாமித்தட்டுக் களவு

சில நாள் கழித்துப் பவித்ரா வந்தாலே பட்டறையில் ஊதுபத்தி மணக்கத் தொடங்கியது. பையன்கள் "சாமிப்புள்ள வந்திட்டாகா" என்று பகிடி பண்ணினார்கள். பரீட்சைக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறாளாக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அவள் அம்மா ரெலிபோன் எடுத்தா. குரலில் அவ்வளவு கோபம். "சேர், சாமிக்கு வாங்கின பத்தி ஒண்டும் மிஞ்சுதில்ல. கேட்டா சேர்ர படிப்பாம். இது என்ன படிப்பு சேர்?"

கூப்பிட்டுக் கேட்டேன். பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு பையிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்தாள். பற்றவைத்து ஹோல்டரில் செருகினாள். கனலை இரும்பில் முட்டாமல், விலகவும் விடாமல், ஒரு நெல்மணி இடைவெளியில் பிடித்துக்கொண்டு கோட்டின்மேல் போய்ப் போய் வந்தாள். பத்தி எரிந்து கட்டையாக, அவள் கையும் அதோடு இறங்கியது. "ஈர்க்கில் குறையாது சேர், இது குறையும்" என்றாள். இருபத்திரண்டு வருடமாக வெல்டிங் படிப்பிக்கிறேன். இது என் மண்டைக்குள் வரவில்லையே!

மறுநாள் பன்னிரண்டு பேரும் பத்தியோடு வந்தார்கள். ஆசிப் உம்மாவின் அலுமாரியிலிருந்து நல்ல சந்தன வாசப் பெட்டியாகப் பார்த்துக் கொண்டுவந்திருந்தான். பட்டறை முழுக்கப் புகை. வாவிக் காற்று அதை அப்படியே அள்ளிக்கொண்டுபோய்க் களஞ்சியத்துக்குள் விட்டது. இன்பநாதன் அண்ணன் தீப்பிடித்துவிட்டதென்று தண்ணி வாளியோடு ஓடிவந்தார். முகமூடியும் கையுறையுமாக நின்று ஊதுபத்தி காட்டுகிற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். "தம்பி, இனிச் செருப்பக் கழட்டிப்போட்டா உள்ள வரணும்?"

தண்ணி பாய்ந்த நாள்

பரீட்சைக்கு முந்தினநாள் பூராவும் மழை. குளத்துக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள், உன்னிச்சைப் பக்கத்து றோட்டில் தண்ணி பாய்கிறது, பஸ் இல்லை என்று பரீட்சையன்று காலையில் செய்தி. மட்டக்களப்பிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் நல்ல மனுசிதான், ஆனால் சட்டம் சட்டம்தான். ஒன்பதரைக்கு வரவுப் பதிவை மூடவேண்டும். பதினொரு பேர் நிற்கிறார்கள். பவித்ராவின் ரெலிபோன் வேலை செய்யவில்லை.

பையன்கள் தங்களுக்குள் என்ன பேசினார்களோ தெரியாது. ஆசிப் எழும்பி, "மெடம், பாதுகாப்பு விதியில ஒரு சந்தேகம்" என்றான். பாதுகாப்பு விதி பற்றி ஒரு வருடம் என்னிடம் ஒரு சந்தேகமும் கேளாதவன்! அவன் இருக்க அடுத்தவன் எழும்பினான். கையுறை ஏன் தோலில் செய்கிறார்கள், முகமூடிக் கண்ணாடி ஏன் கறுப்பு, மழைக்கு ஏன் வெல்டிங் கூடாது. அந்த அம்மாவும் எல்லாவற்றுக்கும் ஆறுதலாகப் பதில் சொன்னா. அவவுக்கு விளங்கியிருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒன்பது முப்பத்தைந்துக்கு, பதிவு இன்னும் மூடாமல் கிடக்க, வாசலில் தடதடவென்று சத்தம். இரண்டு சில்லு உழவு மிசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் பவித்ரா, தலை முதல் கால்வரை நனைந்து. ஓட்டி வந்தது அப்பா. ஈர உடுப்போடு கரண்டில் கைவைக்க நான் விடுவேனா? இன்பநாதன் அண்ணனின் நீலக் களிசானும் சேட்டும் போட்டு, இடுப்பில் சணல்கயிறு கட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ரொட்டைப் பற்றவைத்தாள். அது குறையக் குறையக் கை இறங்கியது. அணையவில்லை. மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டதும் உள்ளே தையல் போட்ட மாதிரி ஒரே சீராகக் கிடந்தது. மதிப்பீட்டாளர் குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எத்தனை பெட்டி எரிச்சுப் பழகினீங்க பிள்ளை?" என்று கேட்டா. பவித்ரா கொஞ்சம் யோசித்தாள். "பெட்டிக் கணக்கு எனக்குத் தெரியா மெடம். அது எங்கட அம்மாட்டத்தான் கேக்கணும்."

பதில் வந்தது

பன்னிரண்டு பேரும் பாஸ். பட்டறைக்குப் பூட்டு விழவில்லை. அந்தச் சந்தோசத்தோடு அடுத்த வருடத்துக்கு ரொட் கேட்டு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். அதிசயமாகப் பதிலும் வந்தது. கடந்த ஆண்டு வழங்கப்பட்ட பொருட்களைக்கொண்டே முழு வகுப்பும் சித்தியடைந்துள்ளபடியால் அந்த அளவு போதுமானதெனக் காணப்படுகிறதாம். இன்பநாதன் அண்ணன் இரண்டுதரம் வாசித்து, நாலாக மடித்து என் சேட்டுப் பையில் வைத்தார். "நாம ஒரு மூண்டு பேரையாவது பெயிலாக்கியிருக்கணும் தம்பி."

எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை. புது வகுப்புத் தொடங்கிய அன்றும் ஒரு விளக்குமாற்றை மடியில் வைத்து ஈர்க்கில் உருவிக்கொண்டுதான் இருந்தேன். பவித்ரா வந்தாள். இப்போது செங்கலடியில் இரும்புக் கேற் செய்கிற பட்டறையில் வேலை. முதல் வேலையாக அப்பாவின் உழவு மிசினைத்தான் ஒட்டினாளாம். கையில் பாரமான ஒரு உரப்பை. மேசையில் கொட்டினாள். பட்டறைகளில் எரித்து மிஞ்சியதை எறிந்துவிடுவார்களே, அந்த ரொட் கட்டைகள். அரை விரல், ஒரு விரல் நீளத்தில் நூற்றுக்கணக்கில். மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் நிலத்திலிருந்து பொறுக்கிச் சேர்த்திருக்கிறாள். அதில் ஒன்றைக் கையில் எடுத்தேன். கண்ணீரைத் துடைக்கவும் வெட்கமாக இருந்தது. அவள் என் மடியிலிருந்த விளக்குமாற்றைத் தூக்கி மூலையில் சாத்தினாள். "புதுப் புள்ளையளுக்கு இதக் குடுங்க சேர். இது குறையிற சாமான் எண்டு முதல்நாளே தெரிஞ்சிக்கட்டும்."

கொழும்புக்கு நான் எழுதுகிற எந்தக் கடிதத்திலும் அந்த உரப்பையைப் பற்றி மூச்சுக்கூட விடுவதில்லை, தெரிந்தால் வருகிற ஒரு பெட்டியிலிருந்து அதையும் கழித்துவிடுவார்கள்.