காணாமல் போன முதல் வரி

டாஷ்போர்டு போடுவது என் பிழைப்பு. ஒரு கம்பெனியின் சரக்கு, ஆள், வண்டி, வரவு செலவு எல்லாவற்றையும் எங்கோ இருக்கும் சர்வரில் ஏற்றி, முதலாளி கையிலிருக்கும் போனில் கலர் கலராகக் கோடும் கட்டமுமாகக் காட்ட வேண்டும். பெங்களூரில் ஒன்பது வருஷம் இதைச் செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகு போடிக்கே வந்துவிட்டேன். நான் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சர்வருக்குக் கவலை இல்லை, என் மாமியாருக்குத்தான் இருந்தது. மருமகள் நாள் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷில் யாரையோ திட்டுகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். அது பொய்யும் இல்லை.

உள்ளூரில் எனக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் ஓர் ஏலக்காய் முதலாளி. மலையில் சின்னச் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் பச்சைக் காயாக வாங்கி, தன்னுடைய ஸ்டோரில் உலர்த்தி, தரம் பிரித்து ஏலத்துக்கு அனுப்புகிறவர். போடியில் காய் என்றால் ஏலக்காய்தான். மற்ற காய்க்கெல்லாம்தான் பேர் சொல்ல வேண்டும்.

"அந்தக் கம்ப்யூட்டரு எந்த ஊர்ல இருக்கு தாயி?" என்று முதல் நாளே கேட்டார்.

"மும்பையில அண்ணாச்சி."

"அப்ப என் காய்க்கு முன்னாடி கணக்கு போயி எறங்கிரும்னு சொல்லு" என்று சிரித்தார். சிரித்த கையோடு என் கூலியில் கால்வாசியைக் குறைத்தும் விட்டார்.

காய் வாங்கும் இடம் போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. வாரத்தில் மூன்று நாள் காலையில் எடை நடக்கும். கம்பெனி ஜீப் தோட்டம் தோட்டமாகப் போய் ஆளையும் சாக்கையும் ஏற்றிக்கொண்டு வரும். எடை போடுகிறவருக்கு ஐம்பது வயது இருக்கும். அதுவரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் கையில் ஒரு போனைக் கொடுத்து, வரிசை எண், தோட்டக்காரர் எண், எடை என்று மூன்று கட்டத்தை மட்டும் நிரப்பச் சொன்னேன். ஆளுக்கு ஒரு வரி. மனிதர் நோட்டையும் விடவில்லை. காசு பட்டுவாடா நோட்டைப் பார்த்து, போன் எனக்காக என்று ஒரு ஏற்பாடு அவராகவே செய்துகொண்டார்.

முதல் மாதம் வந்த தகவலைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. எண் எழுத வேண்டிய கட்டத்தில் "மழை" என்று இருந்தது. "டீ" என்று இருந்தது. "மொத்தம்", "ஜீப்பு லேட்டு", ஓரிடத்தில் "சாக்கு ஈரம், அப்புறம் பேசணும்". போனில் கூப்பிட்டுக் கத்தினேன்.

"அண்ணே, நம்பர் போடுற எடத்துல டீயப் போட்டா நான் எப்படிண்ணே கணக்குப் பாக்குறது?"

"டீ குடிச்ச நேரம் தெரியணும்ல ஆத்தா" என்றார் சாவகாசமாக.

அவரோடு மல்லுக்கட்டுவதைவிடப் புரோகிராமில் ஒரு விதி எழுதுவது சுலபம். வரிசை எண் கட்டத்தில் எண் இல்லாத வரி எல்லாம் குப்பை, தூக்கி எறி. ஒரே நிமிஷத்தில் எழுதி முடித்தேன். திரை பளிச்சென்று ஆனது. அன்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு இரண்டு தட்டு பஜ்ஜி தின்றேன்.

கொட்டகையில் முதல் எடை யாருடையது என்பதில் ஒரு வழக்கம் உண்டு. அதை நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். மெட்டுக்குக் கீழே சரிவில் ஒரு ஏக்கருக்கும் குறைவாகத் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அக்கா இருக்கிறார். புருஷன் இல்லை. மகள் தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். கொட்டகை திறந்த அன்று தற்செயலாக அவர் சாக்குதான் முதலில் தராசில் ஏறியது. அந்த சீசன் விலை எல்லோரும் வாயைப் பிளக்கிற மாதிரி ஏறிவிட்டது. அதிலிருந்து முதல் எடை அவருக்குத்தான். கைராசிக்காரி என்று பேர். இருபது சாக்கு கொண்டுவருகிறவரும் அவருடைய ஒற்றைச் சாக்கு தராசில் ஏறும்வரை காத்திருப்பார். ஜீப்பும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும். ஊரில் ஒரு நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்க வாய்ப்பில்லாத ஒரு பெண்ணுக்கு, வாரத்தில் மூன்று நாள் எல்லோருக்கும் முன்னால் நிற்க அந்த இடம் இருந்தது.

சீசன் முடிகிற சமயத்தில் முதலாளி மகா குஷியில் இருந்தார். பச்சைக் காய் உலர்ந்தால் எவ்வளவு மிஞ்சும் என்பது போடியில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எங்கள் திரையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டியது. "என் ஸ்டோரு அடுப்பு அப்படி" என்று மற்ற வியாபாரிகளிடம் போனை நீட்டிக் காட்டியிருக்கிறார். நானும் மறுத்துப் பேசவில்லை. நல்ல கோடு வந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அதே குஷியில் ஒரு நாள் கேட்டார். "காயே கொண்டாராதவங்க வீட்டுக்கெல்லாம் ஜீப்பு போகுதாமே, நெசமா? டீசல் என்ன சும்மாவா வருது? யாரு யாருன்னு வெரசா எடுத்துக் குடு."

ஒரு பட்டனைத் தட்டினேன். சீசன் முழுக்க ஒரு கிலோகூடக் கொண்டுவராதவர்கள் என்று பதினோரு பேர் சிவப்பில் வந்தார்கள். எண்கள்தான், பேர்கூட இல்லை. அப்படியே முதலாளிக்கும் ஜீப் டிரைவருக்கும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் டிரைவர் கூப்பிட்டார். "அக்கா, இதுல மொதல் வீடும் இருக்கே. அங்கயுமா நிப்பாட்ட வேணாம்?"

எனக்கு அப்போது வேறொரு கம்பெனியோடு மீட்டிங். "சிஸ்டம்ல இருக்குறதுதாண்ணே சரி" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். எது மொதல் வீடு, ஏன் கேட்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பேச்சை நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த சீசன் தொடங்கியது. இந்த முறை ஒரு புது வசதி சேர்த்திருந்தேன். வாரக் கடைசியில், ஜீப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு தோட்டக்காரர் போனுக்கும், அவர் அந்த வாரம் கொண்டுவந்த காய் எவ்வளவு என்று தானாகச் செய்தி போகும். முதல் வாரச் செய்தி போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, முதலாளி கூப்பிட்டார். அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கொட்டகைத் தகரமே பறக்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. மலையில் பெரிய தோட்டக்காரர்களில் ஒருவர். மூன்று நாளும் ஜீப் நிறைய சாக்கு இறக்கியவருக்கு "பூஜ்யம் கிலோ" என்று செய்தி போயிருந்தது.

திரையைத் திறந்தேன். உலர்த்தியதில் மிச்சம் எக்கச்சக்கமாகக் காட்டியது. அந்தக் கணக்குப்படி எங்கள் ஸ்டோரில் காய் உலரவே இல்லை, குட்டி போட்டிருந்தது. எடைக்காரரை அழைத்தேன்.

"அண்ணே, அவர் காயை நீங்க போன்ல ஏத்தலையா?"

"ஏத்தினேனே. மூணு நாளும் அவருதான் மொத எடை."

"மொத எடைன்னா? ஒண்ணாம் நம்பர்ல யாரையுமே காணோமே."

"ஒண்ணுன்னு யாரு போடுவா? லாபம்னு போட்டிருக்கேன், பாரு."

எங்கள் பக்கம் அளக்கும்போது ஒன்று என்று தொடங்குவதில்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். ராசிங்காபுரத்தில் என் அப்பா சோளம் அளக்கும்போது அதைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வாய்ப்பாட்டையே லாபம் என்று தொடங்கி அடி வாங்கியிருக்கிறேன். அவர் மனிதர் எழுதுகிற மாதிரிதான் எழுதியிருக்கிறார். எண் இல்லாத வரியெல்லாம் குப்பை என்று விதி எழுதியது நான். டீயோடும் மழையோடும் சேர்த்து, ஒவ்வொரு நாளும் முதல் ஆளையும் தூக்கி எறிந்துகொண்டிருந்தது என் புரோகிராம்.

"இவர் ஏண்ணே மொத எடை? அந்தக் கைராசிக்கார அக்கா என்ன ஆனாங்க?"

"அவுக வீட்டுக்குத்தான் ஜீப்பு போறதில்லையே. தலைச்சுமையா நடந்து வந்து சேர்றதுக்குள்ள பாதி எடை முடிஞ்சுருது. முதலாளி சொல்லித்தான் நிப்பாட்டிருக்காகன்னு நாங்களும் ஒண்ணும் கேக்கல."

பெரிய தோட்டக்காரர் திரையில் காணாமல் போனது பத்தே நிமிஷத்தில் தெரிந்தது. அந்த அக்கா ஒரு சீசன் முழுக்கக் காணாமல் போயிருந்தார், யாருக்கும் தெரியவில்லை. வாங்கிய கணக்கில் ஒரு சாக்குக் காய் குறைந்தால் உலர்ந்த மிச்சத்தின் கோடு லேசாக மேலே ஏறும், அவ்வளவுதான். அதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

விதியை அன்றே திருத்தினேன், ஜீப் பட்டியலையும் மாற்றினேன். இரண்டுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் பிடித்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை ஜீப்பில் டிரைவர் பக்கத்தில் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டியது. "பயப்படாதீங்க அக்கா, இதெல்லாம் சின்ன வளைவு" என்று டிரைவர் ஆறுதல் சொல்லிக்கொண்டே பெரிய வளைவில் திருப்பினார்.

வீட்டு வாசலில் அந்த அக்கா சாக்கைக் கட்டித் தலைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் கை நின்றது. இறங்கிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். புரோகிராம், விதி, பட்டியல் என்று நான் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போக, அவர் நடுவில் நிறுத்தினார்.

"அப்ப என் கை ராசி போயிருச்சுன்னு நிப்பாட்டலயா?"

"இல்லக்கா. சத்தியமா என் தப்புதான்."

"போன தடவ கடேசியில வெல எறங்குச்சுல. அதுக்கு நாந்தான் காரணம்னு பேசிக்கிட்டாக. நானும் அப்படித்தான் நெனச்சேன். தராசுப் பக்கம் போகவே கூச்சமா இருந்துச்சு." சும்மாட்டுத் துணியை உதறி மடித்தார். "இதை எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? அங்க வந்து எல்லாரும் கேக்கச் சொல்லு."

மீட்டிங்குகளில் எத்தனையோ பெரிய ஆட்கள் முன்னால் பேசியிருக்கிறேன். அந்தக் கொட்டகையில் முப்பது சாக்குகளுக்கும் அவற்றின் சொந்தக்காரர்களுக்கும் நடுவில் நின்று முதல் வாக்கியத்தையே மூன்று தடவை தொடங்கினேன். எழுதியது நான், அவசரப்பட்டது நான், இந்த அக்கா ஒரு நாள்கூடக் காய் கொண்டுவராமல் இருந்ததில்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன். பெரிய தோட்டக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஏற்கெனவே தராசில் வைத்திருந்த தன் சாக்கை இறக்கினார். எடைக்காரர் அக்காவின் சாக்கைத் தானே தூக்கி வைத்தார். யாரோ கைகூடத் தட்டினார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. சுபம் போட்டுவிட்டு மலையிறங்கலாம் என்று நினைத்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அந்த லிஸ்டுல மொத்தம் எத்தன பேருன்ன?"

"பதினோரு பேருக்கா."

"நான் போக மிச்சம் பத்து. அவங்கள்லாம் நெசமாவே காய் கொண்டாராதவங்கதானா? போயிப் பாத்தியா?"

கொட்டகை முழுக்க என்னைப் பார்த்தது.

"இல்லக்கா" என்றேன். "பாக்கல."