இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள்

இந்த டென்மார்க் நாட்டில் எதையும் ஒருமுறைதான் நீட்டுவார்கள். பிரெடெரிசியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போன முதல் நாள் ஒருத்திக்குப் பிறந்தநாள். கேக்கை நீட்டினாள். வேண்டாம் என்றேன். எங்கள் ஆட்களிடம் முதல் வேண்டாம் என்பது மரியாதைக்கு. இரண்டாம் முறை கேட்பார்கள், மூன்றாம் முறை கையில் வைத்துவிடுவார்கள். அவள் தட்டோடு அடுத்தவரிடம் போய்விட்டாள். அன்று பசியோடு வேலை செய்தேன். எனக்கு அந்தப் பாடம் கேக்கோடு முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மன்னாரில் கோயில் பாட்டுக்குழுவில் கித்தார் வாசித்தவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. புளூஸ் என்று ஒரு பாட்டு வகை இருப்பதை இங்கே தொழிற்சாலை வானொலியில்தான் கேட்டேன். யாரோ ஒருவன் பாடினான். சொல் விளங்கவில்லை. செத்தவீட்டில் அழுது ஓய்ந்தவன் கதைப்பதுபோல இருந்தது. பக்கத்து மெஷினில் நின்ற பிரெபென் என் முகத்தைப் பார்த்தான். சனிக்கிழமை தன் கராஜுக்கு வரச் சொன்னான். அவன் பாடினான், நான் வாசித்தேன். இரும்புக் குழாயில் ஒரு துண்டு அறுத்து விரலில் மாட்டி, கம்பிமேல் வழுக்கவிட்டுப் பழகினேன். பதினெட்டு வருடம். பியர்க்கடைகள், ஊர் விழாக்கள், ஒருமுறை கப்பல். சுவரொட்டியில் அவன் பெயர் மட்டும் இருக்கும். நான் ஒன்றும் சொன்னதில்லை.

அம்மா செத்தபோது என்னால் போகமுடியவில்லை. கடவுச்சீட்டு புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடந்தது. மன்னாரில் அண்ணை தொலைபேசியைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அழடா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கித்தாரை எடுத்துப் பாடினேன். சொல்லும் மெட்டும் அப்போது வந்தவை. அதற்குமுன் அந்தப் பாட்டு உலகத்தில் இல்லை.

பிறகு ஒருநாள் கராஜில் அதை வாசித்தேன். பிரெபென் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இது யாற்ற பாட்டு?"

"எங்கட ஊர்ப் பாட்டு."

நான் கட்டினேன் என்று சொல்ல வாய் கூசியது. எங்கள் ஆள் என்றால் சிரித்து, "சும்மா சொல்லாதை, நீ கட்டினதுதானே" என்று பிடுங்கி எடுப்பான். பிரெபென் தலையை ஆட்டினான். அவ்வளவுதான்.

அதையும் சேர்த்து எங்கள் பாட்டுகளைப் பதிவு செய்தோம். இசைத்தட்டு வந்தது. அட்டையில் அந்தப் பாட்டுக்கு நேரே 'இலங்கை நாட்டார் பாடல், அமைப்பு: பிரெபென்' என்று போட்டிருந்தது. வேலை முடிந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அவனைப் பிடித்தேன்.

"அது நான் கட்டினது. என்ர அம்மாவுக்கு."

"ஊர்ப் பாட்டு எண்டு நீதானே சொன்னனீ."

"அது மரியாதைக்குச் சொன்னது."

"பொய் சொல்லுறது என்ன மரியாதை, அன்ரன்? அட்டை அடிச்சாச்சு."

ஏறிப் போய்விட்டான். நான் சண்டை பிடிக்கவில்லை. ஒடென்சேயில் இசைத்தட்டு வெளியீடு இருந்தது. அதற்கு ஏழு கிழமை. அந்த ஏழு கிழமையும் அவனோடு சிரித்துப் பழகினேன். ஒத்திகை ஒன்றையும் விடவில்லை.

ஞாயிறு மத்தியானம். மண்டபம் நிறைந்திருந்தது. மகள் முன்வரிசையில் இருந்தாள். "அடுத்தது இலங்கையின்ர பழைய நாட்டார் பாட்டு" என்று பிரெபென் அறிவித்தான். நான் எழும்பிப் போய் என் கித்தாரை அவன் கழுத்தில் மாட்டினேன். இரும்புத் துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தேன். மைக்கில் டேனிஷில் சொன்னேன்: "நாட்டார் பாட்டு எல்லாருக்கும் சொந்தம். பிரெபென் வாசிப்பார்." கதிரையில் போய் இருந்து கோப்பி ஊற்றினேன்.

அந்தப் பாட்டுக்குக் கம்பிகளை வேறு சுருதிக்கு, என் கணக்கில்தான் முறுக்குவேன். அது அவனுக்குத் தெரியாது. விரல் வைத்த இடத்தில் அவன் தேடிய சுரம் இல்லை. மறுபடி வழுக்கினான். கம்பி பூனைபோலக் கத்தியது. சனம் பொறுமையாக இருந்தது. காத்திருப்பதில் டேனிஷ்காரர் கெட்டிக்காரர். அவன் காது இரண்டும் சிவந்தன.

"அன்ரன், வா" என்றான் மெதுவாக.

நான் கோப்பியைக் குடித்தேன். இரண்டாம் முறைக்குக் காத்திருந்தேன். "வா, பிளீஸ்" என்றான். மூன்றாம் முறைக்கும் காத்திருந்தேன். கடைசியில் மைக்கைப் பிடித்தான். "இந்தப் பாட்டை அன்ரன் கட்டினவர். அவற்ற அம்மாவுக்கு. நான் பிழையா எழுதிப்போட்டன்" என்றான். சனம் கைதட்டியது. அவன் கித்தாரைக் கழற்றி இரும்புத் துண்டோடு நீட்டினான்.

"இப்ப வாசி."

வேண்டாம் என்றேன். இந்த வேண்டாம் மரியாதைக்குச் சொன்னதல்ல. இரண்டையும் வாங்கி, துண்டைச் சட்டைப் பையில் போட்டு, கித்தாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

ரயிலில் மகள் டேனிஷில் கதைத்தாள். அப்பா என்பதற்கு அவள் சொல்வது ஃபார்.

"அது கூடாத வேலை, ஃபார்."

"ஓம்."

"அவர் எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டார்தானே. வாசிச்சிருக்கலாம்."

"ஓம்."

"கவலை இல்லையோ?"

"இல்லை" என்றேன். உண்மையில் இல்லை. இப்போதும் இல்லை. குழு கலைந்தது. பிரெபென் வேறு பகுதிக்கு மாறிவிட்டான். கண்டால் தலை ஆட்டுவதில்லை. புது அட்டையில் என் பெயர் இருக்கிறது.

போன மாதம் அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"இஞ்ச இப்ப செத்தவீடுகளில உன்ர பாட்டுத்தான். அண்டைக்குப் போனில கேட்ட சனம் பிடிச்சுக்கொண்டிட்டுது."

"என்ர பேர் சொல்லுறவையோ?"

"பேரோ? 'டென்மார்க் பாட்டு' எண்டுதான் சொல்லுறவை. ஆர் கட்டினதெண்டு ஆரும் கேக்கிறேல்லை."

இங்கே அதை இலங்கைப் பாட்டு என்றார்கள். அங்கே டென்மார்க் பாட்டு என்கிறார்கள். தொலைபேசியை வைத்துவிட்டுச் சட்டைப் பையைத் தடவினேன். இரும்புத் துண்டு இருந்தது. இங்கே பிரெபெனின் கையில் வைத்தேன். அங்கே போய் அதை யாருடைய கையில் வைப்பது என்று தெரியவில்லை.