வயலின் பிந்தி வரும் இசைத்தட்டு

நேற்று வியா மக்வேதா தெருவில் ஒருவர் அக்கோர்டியன் வாசித்துக்கொண்டிருந்தார். பழைய டாங்கோ நடன மெட்டு ஒன்று. பாட்டு வரி கிடையாது, வெறும் வாத்தியம். கையில் மரக்கறிப் பையோடு நின்றுவிட்டேன். மனிதர் நன்றாகத்தான் வாசித்தார், எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்த புதிதில் தனியாக இருந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சின்யோர் என்று கூப்பிடுவேன். இளவயதில் மொண்டெல்லோ கடற்கரை ஹோட்டல்களில் கோடை முழுக்க வயலின் வாசித்தவர். கண் மங்கிவிட்டதால் இசைத்தட்டுப் போட்டுவிடுவதும் என் பொறுப்பு. அந்த டாங்கோ அவரிடம் இரண்டு தட்டுகளில் இருந்தது, இரண்டு இசைக்குழுக்கள் வாசித்தவை. ஒரே மெட்டுக்கு ஏன் இரண்டு என்று கேட்ட ஞானசூனியம் நான்.

"இவங்கள் ஆடுற ஆக்களுக்கு வாசிக்கிறாங்கள். மற்றவங்கள் ஆடி முடிஞ்ச ஆக்களுக்கு," என்றார். அவர் சொன்னது இத்தாலியன்தான். என் ஞாபகத்தில் இருப்பது எங்கள் தமிழில்.

முதல் தட்டில் தாளம் வெடுக்வெடுக்கென்று விழும். அதைக் கேட்டபடி வெங்காயம் வெட்டினால் கை தானாக ஓடும், ஒருமுறை கத்தி விரலிலும் ஓடியது. இரண்டாவதில் பியானோ இரண்டு அடி வைத்துவிட்டு நிற்கும். வயலின் பிந்தி, இழுத்து, தனியாக வரும். தவக்காலத்தில் மன்னாரில் அம்மா யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் படிக்கும்போது வரிக்கடைசியை அப்படித்தான் இழுப்பா.

அம்மா இறந்தது அந்த வருடம்தான். பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, கைக்கு வரவில்லை, போனால் திரும்பி வர முடியாது. அடக்கத்துக்கு நான் போகவில்லை.

அதன்பிறகு அந்த இரண்டாவது தட்டைப் போட என்னால் முடியவில்லை. அலுமாரிக்கு மேலே ஒளித்துவைத்துவிட்டு, விழுந்து உடைந்துவிட்டது என்று சின்யோரிடம் சொன்னேன். என்னோடு அறையில் இருந்த மச்சானுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தாள் அதைக் கேட்டு அழுகுதடா. பிரஷர் வேற. அதுதான் ஒளிச்சனான்."

"ஆரடா அழுறது? அந்தாளோ, நீயோ?"

அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

சின்யோர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. என் கையைத் தடவிப் பிடித்து, "சாமான் எண்டால் உடையும். நீ அழாதை," என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வாரம், "மெல்லமா வாசிக்கிறதை ஒருக்கால் கேட்டிருக்கலாம்," என்றார். கதிரையில் ஏறிக் கையை நீட்டினால் தட்டு வரும். பொய்யன் என்று தெரிந்துவிடுமே என்ற பயத்தில் மற்றத் தட்டைப் போட்டேன். பாதியில், "காணும், நிப்பாட்டு," என்றார். அவர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

அவருடைய மகள் வந்து எல்லாவற்றையும் லொறியில் ஏற்றி அனுப்பினாள். அலுமாரியும் அதன் மேலிருந்த தட்டும் போயின. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள்.

இப்போது எனக்கு அந்த வயலினைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. போனில் தேடினால் அதே டாங்கோவை எத்தனையோ குழுக்கள் வாசிக்கின்றன. ஒன்றிலும் வயலின் அப்படிப் பிந்தி வரவில்லை. அவ்வளவு நாள் கையில் எடுத்த தட்டு, உறையில் எந்தக் குழுவென்று ஒருநாளும் வாசித்துப் பார்க்கவில்லை. கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆள் சின்யோர்தான்.