பத்தே முக்காலுக்கு எடுத்த தலையணை

என் மனைவிக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று முடிவானபோது, அதை ரோபோ வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான். அவளுக்கு அதில் அக்கறையே இல்லை. "எதை வெச்சு செஞ்சா என்ன, கால் நேரா நின்னா போதும்" என்றாள். கால் வெளிப்பக்கமாக வளைந்து இரண்டு வருடமாகியிருந்தது. பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவிலிருந்து பஸ் ஏறும் இடத்துக்குப் போவதற்குள் மூன்று முறை நின்றுவிடுவாள். முப்பது வருடம் தொடக்கப் பள்ளியில் நின்றுகொண்டே பாடம் நடத்தியவள் அவள். மறுபடியும் நேராக நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

என் கதை வேறு. ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்து, இது பாஸ், இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவது வேலை. மனிதனின் கை நடுங்கும், மிஷின் நடுங்காது என்பது என் வேதம். அந்த வேதத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உள்ளவர்களையும் போதுமான அளவு படுத்தியிருக்கிறேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் எடுத்து, அவளுடைய எலும்பைக் கம்ப்யூட்டர் திரையில் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினார். எங்கே எவ்வளவு சீவ வேண்டும் என்பதை முதலிலேயே குறித்துவிடுவாராம். "எவ்வளவு வரைக்கும் தப்பு வரும் சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஆபரேஷன் பண்றது நான்தான் சார். குறிச்ச கோட்டைத் தாண்டி என் கை போகாம அந்த மிஷின் பாத்துக்கும். ஆனா எங்க வேலை பாதிதான். மீதிப் பாதி உங்க வீட்டுல நடக்கணும்."

முதல் பாதிக்குப் பலமாகத் தலையாட்டினேன். இரண்டாம் பாதி காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "நேரா இருக்கா பாருங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. எத்தனையோ வருடம் உதிரி பாகங்களைப் பார்த்துப் பாஸ் போட்டிருக்கிறேன். அன்றைக்குப் போட்ட பாஸுக்குக் கிடைத்த சந்தோஷம் எதற்கும் கிடைத்ததில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் பிசியோதெரபி செய்கிற பெண் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். உள்ளே நர்ஸ் மனைவிக்கு உடை மாற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ரொம்ப முக்கியம். முட்டிக்குக் கீழ தலையணை வெக்கவே கூடாது. வெச்சா வலி குறையும், அதனால ஆன்ட்டி கேப்பாங்க. குடுத்துடாதீங்க. முட்டி மடங்கியே இருந்தா அப்படியே இறுகிடும், அப்புறம் நீட்ட வராது. குதிகாலுக்குக் கீழ துண்டைச் சுருட்டி வெச்சா போதும். ஆன்ட்டிகிட்டயும் சொல்லிடுங்க."

"சரிம்மா" என்றேன். அவள் தந்த தாளிலும் இதே விஷயம் எழுதியிருந்தது. அந்தத் தாளை ஃபைலில் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டியவனும் நான்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மத்தியானம் அவள் அழுதாள். இரண்டு பிரசவத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியவள், வாய்விட்டு அழுதாள். "என்னங்க, கீழ எதையாவது வைங்களேன். கால் விட்டுப்போகுது." கூடாது என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. அரை மணி நேரம் கூடத்துக்கும் அறைக்கும் நடந்தேன். அதற்குமேல் தாங்கவில்லை. ஒரு தலையணையை எடுத்து முழங்காலுக்கு அடியில் மெதுவாகச் செருகினேன். முகம் தெளிந்தது. பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள்.

எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். மிஷின் அளந்து சீவி, அளந்து பொருத்தியிருக்கிறது. உள்ளே இருப்பது உலோகம். வெளியே இருப்பது பஞ்சு. பஞ்சு உலோகத்தை என்ன செய்துவிடும்?

தலையணை கூடாதென்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செத்தாலும் தலையணை கேட்டிருக்க மாட்டாள். டீச்சராயிற்றே, விதியென்றால் விதிதான். அது தெரிந்துதான் சொல்லாமல் இருந்தேன்.

அந்தப் பிசியோதெரபிப் பெண் தினமும் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பாள். பத்தே முக்காலுக்கு நான் தலையணையை உருவி, உறையைத் தட்டி, பீரோவில் வைத்துவிட்டு, குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைப்பேன். விருந்தாளி வருவதற்கு முன்னால் அறையை ஒழுங்கு செய்கிறேன் என்று மனைவி நினைத்துக்கொண்டாள். சர்ச்சிலிருந்து பார்க்க வந்த பெண்களிடம், "இவர் மாதிரி யார் பாத்துப்பா" என்று அவள் சொன்னபோது, காபி ஆற்றிக்கொண்டே அந்தப் புகழ்ச்சியையும் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்தது. முழங்காலை அழுத்திப் பார்த்தாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, நான் போனப்புறம் எக்சர்சைஸ் பண்றீங்களா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

மனைவியின் முகம் சுருங்கிப்போனது. வீட்டுப்பாடம் எழுதினாயா என்று ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் நிற்கவைத்துக் கேட்டவள். அந்தப் பெண் சொன்னதற்கு மேலேயே பத்துத் தடவை மனைவி செய்துகொண்டிருந்தாள், எனக்குத் தெரியும். "பண்றேன்மா" என்றாள் சின்னக் குரலில். நான் கதவோரம் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். என் வீட்டில் இரண்டுக்கும் நடுவே நாலடி தூரம்தான் இருந்தது.

அதன் பிறகு பயிற்சியை இரண்டு மடங்காக்கினாள். வலியும் கூடியது. நான் தலையணையை நிறுத்தப் பார்த்தேன். அது இல்லாமல் அவளால் ஐந்து நிமிடம் படுக்க முடியவில்லை. மறுபடியும் வைத்தேன்.

பொழிச்சலூரிலிருந்து அவளுடைய தம்பி வந்தான். வாக்கரோடு அவள் முழங்கால் மடங்கியபடியே நொண்டி நடப்பதைப் பார்த்துவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு போனான். "மாமா, ரோபோ, ரோபோன்னு அடம் பிடிச்சீங்க. அது எங்கயோ கணக்குல சொதப்பிடுச்சு. கம்ப்யூட்டர் ஹேங் ஆகறது இல்லையா, அந்த மாதிரி."

"இருக்கலாம்" என்றேன். எந்த மிஷினுக்காக ஊரோடு சண்டை போட்டேனோ, அதை ஒரே வார்த்தையில் காட்டிக்கொடுத்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆறாவது வாரம் டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஸ்கேலை வைத்துக் காட்டினார். "உள்ள எல்லாம் குறிச்சபடியே இருக்கு. ஆனா கால் நீட்ட வரல. வரணுமே." கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, முட்டிக்குக் கீழ தலையணை வெக்கிறீங்களா?"

அவள் முகம் மலர்ந்து பதில் சொன்னாள்.

"ஆமா டாக்டர். இவர்தான் வெச்சு விடுவார். அந்தப் பொண்ணு வர்றதுக்கு முன்னாடி எடுத்து வெச்சிடுவார். ரொம்ப நல்லா பாத்துக்கறார்."

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "வெக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட சொல்லலையா சார்?"

"சொன்னாங்க" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. அது போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இன்னும் ஒரு மாதம் கடுமையாகப் பயிற்சி செய்ய வேண்டும், அப்போதும் வராவிட்டால் மயக்க மருந்து கொடுத்து நீட்டிப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். முழுவதும் சரியாகுமா என்று அவள் கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

திரும்பும்போது பெருங்களத்தூரில் வண்டிகள் நெரிந்து, ஆட்டோ வெகுநேரம் அசையாமல் நின்றது. காலை என் மடிமேல் வைக்கச் சொன்னேன், வேண்டாம் என்றாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு என்னைத் திட்டினாளே. அப்போ நீங்க கதவுகிட்ட நின்னுட்டு இருந்தீங்க இல்ல?"

"ஆமா" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது முழங்காலின் மேல் மணல் பையை வைத்து அழுத்திப் படுக்க வேண்டும், ஒரு நாளைக்கு நாலு முறை. பையை அவளே எட்டி எடுத்து வைத்துக்கொள்கிறாள். வலிக்கிறதா என்று கேட்டால், "இல்லைங்க, பரவாயில்லை" என்கிறாள். இரண்டு வாரமாக அவள் அழுது நான் பார்க்கவில்லை. கொஞ்சம் தேறிவருகிறாள் என்றுகூட நினைத்தேன்.

நேற்று பயிற்சி முடிந்து, அந்தப் பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வலி குறைந்துவிட்டது போலிருக்கிறதே என்றேன். அவள் சங்கடத்தோடு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"குறையல அங்கிள். முன்னைவிட ஜாஸ்தி. என்கிட்ட தினம் அழறாங்க. உங்க காலடிச் சத்தம் கேட்டா கண்ணைத் தொடச்சிக்கிறாங்க. ஏன் ஆன்ட்டின்னு கேட்டேன். அவருக்குத் தெரிஞ்சா இரக்கப்படுவாருன்னாங்க."