எட்டு முறை மின்னிய விளக்கு

ஹேசல் ஸ்டாதர்ட் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் மீன் வெட்டி முள் எடுத்தவள். அதன்பின் ஏழு ஆண்டுகளாகப் பள்ளிக்கூட வாசலில் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கிறாள். அவள் கை உயர்ந்தால் எந்த லாரிக்காரனும் அடங்கிப்போவான். அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் தோற்றுப்போவாள். அண்ணன் நெவில் 1971 மார்ச் பதினொன்றாம் தேதியைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அன்று வியாழக்கிழமை. அவளுக்கு ஏழு வயது நிறைந்த நாள். அந்தக் காலத்தில் மாலை ஐந்தே காலுக்கு டெஸ்மண்ட் கேல் என்ற அறிவிப்பாளர் வட்டாரத் தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டார் தபாலில் அனுப்பும் பிறந்தநாள் அட்டைகளை வாசிப்பார். அவர் மேசைமேல் ஒரு பொம்மைக் கலங்கரை விளக்கம் இருக்கும். பிள்ளைக்கு எத்தனை வயதோ அத்தனை முறை அது மின்னும். ஊர்ப் பிள்ளைகளுக்கு மேயரைவிட டெஸ்மண்ட் மாமாதான் பெரிய மனிதர்.

அப்பா ஆல்ஃப் மீன்பிடிக் கப்பலில் ஐஸ்லாந்துப் பக்கம் போய்வருபவர். மூன்று வாரம் கடலில், மூன்று நாள் கரையில். அந்த மூன்று நாளில் பாதி மதுக்கடையில் போகும். அந்த முறை கப்பல் ஏறும்போது, ஹேசலுக்காக அட்டை எழுதித் தபாலில் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹெரான் தெரு வீட்டிலிருந்தது வாடகைத் தொலைக்காட்சிப் பெட்டி. பின்னால் உள்ள துளையில் காசு போட்டால்தான் படம் ஓடும். டெஸ்மண்ட் மாமா மூன்று அட்டை வாசித்துவிட்டு நான்காவதைக் கையில் எடுத்தார். அந்த நொடியில் படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. அம்மா காசு தேடிப் போட்டு, பெட்டி சூடேறிப் படம் வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் பார்த்ததோ வேறு தொலைக்காட்சி நிலையம்.

நெவிலுக்கு அன்று வயது பதினொன்று. அப்பா அட்டையைப் போடவே இல்லை, அது மதுக்கடை மேசையிலேயே கிடந்திருக்கும் என்று அன்றைக்குச் சொன்னவன், ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அதையே சொன்னான். "போட்டேன், புள்ள" என்று அப்பா 1983இல் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோதும் சொன்னார். ஹேசல் நம்பினாள். ஆனால் காட்ட ஒன்றுமில்லை. நிலையத்துக்கு எழுதிக் கேட்டாள். அந்தக் கால ஒளிப்பதிவு நாடாக்களை அழித்து, மேலே வேறு பதிந்துவிட்டதாகப் பதில் வந்தது.

2023 அக்டோபர் பதினான்கு, சனிக்கிழமை பிற்பகல், நகர மண்டபத்தில் பழைய தொலைக்காட்சி முகங்களைச் சந்திக்கும் கூட்டம் நடந்தது. டெஸ்மண்ட் கேல் எண்பத்தெட்டு வயதில், தொலைக்காட்சியில் கட்டிவந்த அதே டையோடு வந்தார். அது சிவப்பு என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. கருப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தவர்களுக்கு அதுவரை அது சாம்பல் நிறம்தான். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் பெரில் மம்பி, விளக்கின் பொத்தானை அழுத்தியவர். ஒரு மின்னல் குறைந்தாலும் பிள்ளைகள் அழுவார்கள் என்பதால், தினமும் பெயர், தெரு, அனுப்பியவர், வயது என்று வரிசையாக எழுதி வைத்துக்கொள்வார். பதினான்கு வருடத் தாள்களையும் தேதிவாரியாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

ஹேசல் வரிசையில் நின்று தேதியைச் சொன்னாள். வேடிக்கை பார்க்க நெவிலும் பின்னால் நின்றான்.

பெரிலின் விரல் நான்காவது வரியில் நின்றது. "ஹேசல், ஹெரான் தெரு, கிரிம்ஸ்பி. அனுப்புனது அப்பா. வயசு எட்டு."

நெவில் சிரித்தான். "அன்னிக்கு ஒனக்கு ஏழுதான? ஹெரான் தெரு என்ன சின்னத் தெருவா? அது வேற ஹேசல். வா, டீ குடிக்கலாம்."

ஹேசல் அசையவில்லை. "ஒன் பத்தாவது பொறந்தநாளுக்கு அப்பா கேக்குல எத்தன மெழுகுவத்தி வச்சாரு?"

நெவில் தலையைச் சொறிந்தான். "பன்னெண்டு."

"அம்மா எழுதியிருந்தா ஏழுன்னு சரியா எழுதியிருப்பா. புள்ளைங்க வயசத் தப்பா எழுத நம்ம தெருவுல ஒரே ஆளுதான் இருந்தாரு. அவரு போட்டாரு, நெவில்."

நெவில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை மூன்று தடவை படித்தான். "கெழவரு போட்டுத்தான் இருக்காரு" என்றான் கடைசியில்.

நடந்ததைக் கேட்ட டெஸ்மண்ட், பார்க்காமல் போனதை இப்போதே வாசித்துவிடலாம் என்று எழுந்து டையைச் சரிசெய்தார். விளக்கும் அவர் மேசைமேல்தான் இருந்தது. பெரில் பேனாவை எடுத்தார். "ஏழுன்னு திருத்திடவா கண்ணு?"

"வேணாம்மா. எங்கப்பா எழுதுன மாதிரியே எட்டு. பொத்தான மட்டும் இவன் அழுத்தட்டும்."

டெஸ்மண்ட் அந்தப் பழைய குரலில் அவள் பெயரையும் தெருவையும் வாசித்தார். நெவில் அழுத்தினான். மண்டபத்திலிருந்த நூற்று நாற்பது பேரும் சேர்ந்து எண்ணினார்கள். எட்டாவது மின்னலில், பள்ளிக்கூட வாசலில் லாரியை நிறுத்துவதுபோல ஹேசல் கையை உயர்த்தினாள். நெவில் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான்.