நீளக்கைக் கண்ணாடிகள்

பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடது கையால் கண்ணாடியின் தண்டைத் தாங்கியபடி, வலது கை விரல்களால் மூன்றாவது நட்டைச் சுழற்றுகிறார் ஆனந்தவல்லி. நட்டு கழன்றதும் வாஷர், அதற்கடியில் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு, கடைசியாக வண்டியோடு வந்த சின்னக் கண்ணாடி. எல்லாவற்றையும் பழைய லுங்கித் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் தள்ளுகிறார். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகிறார். சின்னக் கண்ணாடிகளைக் கழற்றி அந்த இடத்தில் நீளக்கைக் கண்ணாடிகளை மாட்டுவது, வயலோரம் வண்டியை நிறுத்தியதும் அவர் செய்கிற முதல் வேலை இதுதான். மாலையில் ஒரத்தநாட்டில் எங்கள் தெருமுனையில் இதே வேலை தலைகீழாக நடக்கும்.

1987 மாடல் டீசல் பிக்கப் அது. பேராவூரணி தேங்காய் வியாபாரி அப்துல் வஹாப் பத்து வருடம் ஓட்டிக் கைகழுவிய வண்டி. அதோடு வந்த கண்ணாடிகள் உள்ளங்கை அகலம்தான். வைக்கோல் கட்டு இரண்டு பக்கமும் ஒரு முழம் பிதுங்கி நின்றால், அவற்றில் வைக்கோலைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் ஆனந்தவல்லி நாகப்பட்டினத்தில் பிரித்துப் போட்டிருந்த ஒரு மீன் லாரியிலிருந்து நீளக்கைக் கண்ணாடிகள் இரண்டை வாங்கி வந்தார். "இன்னும் கருவாட்டு வாடை போவல, மோந்து பாருங்க" என்பார். நானும் முகர்ந்து பார்த்திருக்கிறேன். டீசல் வாடைதான் வந்தது.

அவற்றை அப்படியே விட்டுவைத்தால் என்ன என்று கேட்காதவர்கள் தெருவில் கிடையாது. "சும்மா நிக்கிற வண்டி கையை நீட்டிக்கிட்டு நின்னா, பள்ளிக்கூடம் போற புள்ளைங்க நெத்தியில இடிக்குமா இடிக்காதா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டவரையே திருப்பிக் கேட்பார். சொல்லாமல் நகர விடமாட்டார்.

ஐம்பது வயது. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை. சட்டைப் பையில் எப்போதும் மடித்த செய்தித்தாள் இருக்கும், படிக்க அல்ல, கண்ணாடி துடைக்க. "துணியில தொடச்சா திட்டுத்திட்டா நிக்கும். பேப்பர்ல தொடச்சாத்தான் பளிச்சுன்னு இருக்கும்." கணவர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். விடுப்பில் வந்தால் இந்த வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் வருவார். என் ஸ்கூட்டரின் இடது கண்ணாடி உடைந்து ஆறு மாதமாகிறது. பார்க்கும்போதெல்லாம் ஆனந்தவல்லி, "என்ன அண்ணே, முதுகுல கண்ணு மொளச்சிருச்சா?" என்று கேட்டு மானத்தை வாங்குவார்.

மாட்டுவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒரு நட்டை முதலில் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகமாட்டார். மூன்றையும் விரலால் பிடிக்கவைத்து, பிறகுதான் மாற்றி மாற்றி முடுக்குவார். அடுத்து ஒரு மஞ்சள் கேனை வண்டியின் பின்சக்கரத்துக்கு நாலடி தள்ளி வைப்பார். சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்ப்பார். இறங்கிக் கண்ணாடியை விரல்கடை அளவு திருப்புவார். மறுபடி ஏறுவார். ஏழெட்டுத் தடவை. எனக்கு மூன்று மாடுகள், வைக்கோல் பார்த்து எடுக்க அவரோடு போகிறவன் நான். இந்த ஏறி இறங்கலைப் பார்த்துப் பல நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

எரிச்சலை வெளியே காட்டியதில்லை. காரணம் தங்கையன்.

தங்கையன் கட்டு ஏற்றுகிறவர். அவர் அடுக்கினால் பட்டுக்கோட்டை ரோட்டில் எத்தனை வேகத்தடை ஏறி இறங்கினாலும் ஒரு கட்டு நழுவாது. ஆனந்தவல்லியை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். வண்டி பின்னால் வரும்போது வழி காட்டுவதும் அவர்தான். அந்த இன்ஜின் சத்தத்தில் கூப்பாடு எடுபடாது. அதனால் வண்டியின் இரும்பு பாடியில் தட்டுவார்கள். இரண்டு தட்டு என்றால் போகலாம், ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு வருடத்துக்கு முன், மாசி மாதம், முழு லோடோடு வண்டி வாய்க்கால் கரையில் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மதகுக் கல்லில் கால் வழுக்கி விழுந்த தங்கையன், கைக்கு எட்டிய இடத்தில் தட்டினார். எட்டியது இரும்பு இல்லை, வைக்கோல். ஒன்றல்ல, பத்துத் தட்டுத் தட்டியிருப்பார். வைக்கோல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. சின்னக் கண்ணாடியிலும் வைக்கோல்தான். பின்சக்கரம் ஏறி, வலது காலில் இரண்டு விரல்கள் போயின.

"நான் தட்டுனேன்" என்பார் தங்கையன். "எனக்குக் கேக்கல" என்பார் ஆனந்தவல்லி. இரண்டும் உண்மை. அதற்குப் பிறகு தங்கையன் எல்லோர் வண்டிக்கும் ஏற்றப் போனார், இந்த வண்டிக்கு மட்டும் வரவில்லை. வழியில் பார்த்தால் "டிரைவரம்மா" என்று ஒதுங்கிக்கொள்வார். விரல் போனதைவிட அந்த வார்த்தைதான் தன்னைத் தூங்கவிடவில்லை என்று ஒருமுறை ஆனந்தவல்லி என்னிடம் சொன்னார். நீளக்கைக் கண்ணாடிகள் வந்தது அந்த மாதம்தான்.

போன மாசியில் இளஞ்செழியன் வயலில் லோடு. அறுப்பு முடிந்து மிஷின் உருட்டிப்போட்ட கட்டுகள் வயல் முழுக்கக் கிடந்தன. தெற்கே மேகம் கருத்துக்கொண்டிருந்தது. ஒரு மழையில் நனைந்தால் மாடுகூட முகர்ந்து பார்க்காது. ஏற்ற ஆள் கிடைக்காமல் இளஞ்செழியன் தங்கையனைக் கெஞ்சி அழைத்து வந்திருந்தார். வந்தவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஏத்துறது மட்டுந்தான் என் வேல. வண்டிக்குப் பின்னாடி நிக்கமாட்டேன்."

ஆனந்தவல்லி காதில் அது விழுந்தது. ஸ்பேனரை எடுத்தார்.

இடது பக்கம் சுலபமாகக் கழன்றது. வலது பக்கத்தில் ஒரு நட்டு, மழைக்காலம் முழுக்கக் கழற்றாமல் கிடந்ததில், துரு பிடித்து அசைய மறுத்தது. இரண்டாம் முறை அழுத்தியதும் அதன் விளிம்பு மழுங்கி ஸ்பேனர் வழுக்கியது. சின்னக் கண்ணாடி கழன்றால்தான் அந்த ஓட்டையில் நீளக்கை ஏறும். டீசலை ஊற்றி ஊறவைத்தார். சுத்தியலால் சுற்றிலும் தட்டினார். மறுபடி ஊற்றினார்.

இளஞ்செழியனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அக்கா, மதகு வரைக்கும் நூறடிகூட இருக்காது. நான் பின்னாடி நின்னு தட்டுறேன், எடுங்கக்கா. மழை வந்துரும்."

"தட்டுனா கேக்காது தம்பி."

அவ்வளவுதான் சொன்னார், நிமிரக்கூட இல்லை. வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் போன தங்கையன், பற்றவைக்காமலேயே தீக்குச்சியைக் கீழே போட்டார்.

"ஒரு நாள்தானே" என்று நானும் வாய்விட்டேன். என் மாடுகளின் கவலை எனக்கு.

"அன்னைக்கும் ஒரு நாள்தான் அண்ணே" என்றார் ஆனந்தவல்லி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேக இருட்டில் நட்டு தெரியும்படி டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன்.

உளியை நட்டின் பக்கவாட்டில் வைத்து அடித்தார். பத்தாவது அடியில் உளி வழுக்கி, கட்டைவிரல் தோல் பிய்ந்தது. சேலைத் தலைப்பில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றிக்கொண்டு பதினோராவது அடியை அடித்தார். நட்டு இரண்டாகப் பிளந்தது, போல்ட்டின் மரையும் அதோடு போயிற்று. மாற்றுப் போல்ட் பெட்டியில் இல்லை. ஒரு நிமிடம் யோசித்தவர், வண்டிக்குள் குனிந்து டிரைவர் சீட்டின் காலிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"அக்கா, சீட்டு ஆடுமே!" என்றார் இளஞ்செழியன்.

"உக்கார்ற எடம் ஆடுனா ஆடிட்டுப் போவுது. பாக்குற எடம் ஆடக்கூடாது."

மூன்று நட்டுகளையும் விரலால் பிடிக்கவைத்தார். மாற்றி மாற்றி முடுக்கினார். தண்டைப் பிடித்துத் தொங்குவதுபோல இழுத்துப் பார்த்தார். செய்தித்தாளால் துடைத்தார். பிறகுதான் கட்டு ஏற்றச் சொன்னார். தங்கையன் ஏற்றினார், அடுக்கினார், கயிறு போட்டு இறுக்கினார். நல்லவேளையாக மேகம் அங்கேயே நின்றது.

அந்தக் கரையில் வண்டியைத் திருப்ப இடமில்லை. மதகு வரைக்கும் பின்னாலேயேதான் போக வேண்டும். ஆனந்தவல்லி வழக்கம்போல மஞ்சள் கேனை வைத்துவிட்டு ஏறினார், இறங்கினார், திருப்பினார், ஏறினார். சீட்டு அவரோடு சேர்ந்து ஆடியது. நானும் இளஞ்செழியனும் மதகடியில் நின்றோம்.

இன்ஜின் உறுமியது. வண்டி மெல்லப் பின்னால் வரத் தொடங்கியது. அப்போது தங்கையன் காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, அந்தக் கேனைத் தூக்கி ஓரமாக வைத்தார். அது இருந்த இடத்தில், வலது கண்ணாடிக்கு நேராக, தானே நின்றுகொண்டார். வண்டி வர வர அவரும் பின்னால் நடந்தார். பாதி தூரம் வந்திருக்கும். வண்டி போகிற அளவுக்குக் கரை அகலமாகவே இருந்தது, மதகுக்கு இன்னும் ஐம்பதடி இருந்தது, நிறுத்துவதற்கு ஒரு காரணமும் இல்லை. அங்கே தங்கையன் நின்றார். வண்டியைத் தொடவில்லை, கூப்பிடவில்லை. உள்ளங்கையை விரித்து உயர்த்தினார்.

வண்டி அந்த இடத்திலேயே நின்றது.

அவர் கையை இறக்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இளஞ்செழியன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது டிரைவர் பக்க ஜன்னல் வழியாக, கட்டைவிரலில் சேலைத் துணி சுற்றிய ஒரு கை வெளியே வந்தது. கதவின் இரும்பில், கரை முழுக்கக் கேட்கும்படி, ஒரே ஒரு தட்டுத் தட்டியது.